பிள்ளைப்பூச்சிக்கு முளைத்த கொடுக்கு

தம்பி,

இங்கே எல்லோரும் சௌகரியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. ஒரு வாரமாக எனக்குச் சௌகரியம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. மனசுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. போனில் சொல்லேன் என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ தெலுங்கில் "ஏம் காதுலேம்மா", ஒன்றும் ஆகாதும்மா என்று சொல்லி வைத்துவிடுவாய். நான் எழுத உட்கார்ந்திருப்பதே அந்தப் பேச்சைப் பற்றித்தான். உனக்குத் திருப்பதிப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் ஐந்தாவதோடு சரி, அதுவும் நான் ஸ்லேட்டில் போட்டுக்காட்டியது. அதனால் இதை எழுத்துக்கூட்டி நிதானமாகப் படி. நடுவில் கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் படி. ஆனால் கடைசிவரை படித்துவிடு. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நித்யாவையும் அவள் அப்பா அம்மாவையும் வீடு பார்க்கக் கூட்டிவந்தாய். சென்னையில் மூன்றாவது மாடியில் வளர்ந்த பெண். வாசலில் படுத்திருந்த நாயைக் காட்டி, இது ஒண்ணும் பண்ணாதே ஆன்ட்டி என்று கேட்டாள். சாதும்மா, ஒண்ணும் செய்யாது என்றேன். கன்றுக்குட்டி தலையை ஆட்டியதும் உன் பின்னால் போய் நின்றாள். முட்டாதும்மா, விளையாடுது என்றேன். சுவரில் போன மரவட்டையைப் பார்த்துக் காலைத் தூக்கினாள். அது பாவம், தொட்டால் சுருண்டுக்கும் என்றேன். நம் வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு நான் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அவள், பாம்பு வருமா என்று கேட்டாள். நீ சிரித்தாய். பேண்டை முழங்கால்வரை சுருட்டி ஆடுசதையைச் சுற்றி வளையம்போல இருக்கிற அந்தக் கருப்புத் தழும்பைக் காட்டினாய். "இது கட்டுவிரியன். எங்க அத்த ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக்கினு நின்னாங்களாம். எங்கம்மா இல்லன்னா நான் இன்னிக்கு போட்டோல மாலையோட இருப்பேன்" என்றாய். நித்யா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் பார்க்கிற பார்வை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உனக்குக் கூடப்பிறந்தவள் இல்லையே, மூன்றாவது முடிச்சை யார் போடுவது என்று நித்யாவின் அம்மா கேட்டார்கள். உன் நைனா, என் தங்கச்சி வசந்தா இருக்கா, எங்க வீட்டுப் பொண்ணு, அவ போடட்டும் என்றார். நீ உடனே வேண்டாம் என்றாய். திருப்பதி அத்தைக்குப் பத்திரிகை தபாலில் போனால் போதும், முடிச்சைப் பெரியம்மா மகள் போடட்டும் என்றாய். உன் நைனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுவரப் போகிறவள்போல உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்றபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அதைப் பார்த்து நானே பயந்துபோனேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் காலை இப்போது ஒருமுறை பார். நீ இஞ்சினியர், பெரிய பெரிய மெஷினில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிறவன். பாம்பு உன்னைக் கடித்தது கணுக்காலில். தழும்பு இருப்பது ஆடுசதையில், அதுவும் சுற்றிலும் வளையமாக. கடித்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எந்தப் பாம்பு அப்பா வளையமாகக் கடிக்கும்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இதை யோசித்தாயா? யோசித்திருக்கமாட்டாய். அம்மா சொன்னால் அதற்குமேல் என்ன யோசனை.

ஊரில் எனக்குப் பேரே வாயில்லாப் பூச்சி. கல்யாணமான புதிதில் உன் நைனா தன் சிநேகிதர்களிடம், எங்க வூட்ல புள்ளப்பூச்சி மாதிரி, இருக்கிற எடமே தெரியாது என்று பெருமையாகச் சொல்வார். நானும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆபத்தில்லாததற்கு நம் பக்கம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. சாது, பாவம், பச்சைத்தண்ணி, வாயில்லாப் பூச்சி, வெறும் தண்ணிப்பாம்பு. இதில் பாதிக்குமேல் எனக்குச் சொன்னதுதான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்றும் அதே வாயால் சொல்வார்கள். அந்தச் சாது எதைப் பார்த்து மிரளும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நான் மிரண்டது உன் அத்தையைப் பார்த்து.

நீ ஐந்தாவது முடித்த வருஷம் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சு. கார்வேட்டிநகரத்துப் பையன் ஒருத்தன் ஐதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டான் என்று பஸ்ஸில் பேசுவார்கள், எஸ்டிடி பூத்தில் பேசுவார்கள். இங்கே தமிழ் மீடியத்தில் படித்தால் நம்மோடு கடலைக்கொல்லையில்தான் நிற்பான் என்று உன் நைனா முடிவு செய்துவிட்டார். வசந்தா திருப்பதியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் பக்கம் பாத்திரக்கடை. அண்ணா, புள்ளய எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன் என்று அவளே வந்து கேட்டாள். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து நான் இரண்டு நாள் உலை வைக்கவில்லை. உன் நைனா ஓட்டலில் துன்னுட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து லீவுக்கு வந்தாய். ஓடிவந்தவன் வாசல்படி தடுக்கி விழுந்தாய். நீ விழுந்தால் நான் வந்து தூக்கி, முட்டியை ஊதிவிட்டு, ஒண்ணும் ஆவாது கண்ணு என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் உன் அழுகை நிற்கும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு நான் வருவதற்குள் நீயே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "ஏம் காதுலே" என்றாய். தெலுங்கில் அதுவும் அதேதான், ஒன்றும் ஆகாது என்றுதான் அர்த்தம். ஆனால் அது என் பேச்சு இல்லை. அவள் பேச்சு. விழுந்தது நீ, அடிபட்டது எனக்கு. அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. வகிடு நான் எடுக்கிற பக்கம் இல்லாமல் வேறு பக்கம் இருந்தது. தண்ணீர் தொட்டு அழுத்தி என் பக்கத்துக்கு மாற்றினேன். சட்டையில் ஒரு பட்டன் புது நூலில் தைத்திருந்தது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது. நீ தூங்கின பிறகு அந்த நூலை அறுத்துவிட்டு நானே திரும்பத் தைத்தேன். ரசத்தை வாயில் வைத்ததும், அத்த வீட்ல இப்படி இருக்காதும்மா என்றாய். நல்லதாகவா கெட்டதாகவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம். அவளுக்குக் குழந்தை இல்லை, எனக்கு ஒன்று இருந்தது. அப்படியிருந்தும் பொறாமைப்பட்டது அவள் இல்லை தம்பி, நான்.

அடுத்த தசரா லீவுக்கு வசந்தாவே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல மழை பெய்து கால்வாயில் தண்ணீர் ஓடியது. உன் நைனா உரம் வாங்க நகரிக்குப் போயிருந்தார். நான் களத்தில் உட்கார்ந்து கடலை பறித்துக்கொண்டிருந்தேன். நீயும் அவளும் மோட்டார் கொட்டகைப் பக்கம் கால் கழுவப் போனீர்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். உன் அலறல் கேட்டது. அதன் பின்னாலேயே அவள் குரல்: "நீருகட்டு அண்ணி, நீருகட்டு! ஏம் காது!"

தெலுங்கில் தண்ணிப்பாம்புக்கு நீருகட்டு என்று பேர். உனக்குத் தெரியும், திருப்பதியில் படித்தவன். எனக்கு அன்றைக்குத் தெரியாது. நம் ஊரில் கட்டு என்றால் ஒரே பாம்புதான், கட்டுவிரியன். அது கடித்தால் விடிய ஆள் இருக்காது. அவள் ஒண்ணும் ஆகாது என்று கத்தியது என் காதில் கட்டு என்று மட்டும் விழுந்தது. கட்டு கட்டு என்று கத்திக்கொண்டு நான் ஓடிவந்ததைப் பார்த்தே நீ மயங்கிச் சாய்ந்தாய். கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்து, உன் ஆடுசதையில் சுற்றி, காலை வைத்து மிதித்து இறுக்கினேன். இதுவரைக்கும் என்மேல் தப்பில்லை. தெரியாமல் செய்தது. எந்தத் தாயும் செய்வாள்.

அப்போது ஊருக்குப் பால் வண்டி வந்திருந்தது. அதில் கேன்களுக்கு நடுவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வசந்தா எதிரில். நீ கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டு வந்தாய். நாலு மைல் போயிருப்போம். அவள் குனிந்து உன் காலைத் தொட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை தெலுங்கில் சொல்லவில்லை. நம் பேச்சில், எனக்குப் புரிகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நான் கண்ணால பாத்தேன். வெறும் தண்ணிப்பாம்பு. கால் கருத்துக்கினு வருது பாரு. கயித்த அவுத்துடு அண்ணி."

எனக்குப் புரிந்தது. தம்பி, இதைத்தான் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்பதும் தெரியும். உன் கால் விரலெல்லாம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்ததையும் பார்த்தேன். ஆனால் அவள் சொல்லி நான் அவிழ்ப்பதா? என் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவள் எனக்குச் சொல்வதா? ஒண்ணும் ஆவாது என்று உனக்குச் சொல்கிற உரிமை ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் கை கயிற்றுமேல் இருந்தது. நான் சொன்னேன்:

"உன் வயித்துல பொறந்திருந்தா அவுப்பியா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். புத்தூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கட்டுக்குப் பேர்போன ஊர் புத்தூர். எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ கட்டுப் போட்டுக்கொள்ள அங்கே வருவார்கள். நான் போட்ட கட்டோடு உன்னைத் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு டாக்டரிடம் ஓடினேன். அவர் முதலில் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். அப்புறம் கணுக்காலைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம், குழந்தை கடித்த மாதிரி. பாமு ஏம் சேயலேதம்மா, தாடே சேசிந்தி என்றார். பாம்பு ஒன்றும் செய்யவில்லை, கயிறுதான் செய்தது என்று. அப்புறம் கோபமாக, யார் இப்படிக் கட்டியது என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. வாயில்லாப் பூச்சி என்று சும்மாவா பேர் வைத்தார்கள். வசந்தா முன்னால் வந்து, "நேனே சார்" என்றாள். நான்தான் சார் என்று. அரை மணிநேரத்துக்கு முன்னால் நான் அவளை அப்படிச் சொல்லியிருந்தேன். அவள் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டாள். நான் சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் உன் நைனா ஓடிவந்தார். என்ன பாம்பு என்றார். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் கட்டுவிரியன் என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அப்புறம் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், அவ ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக்கினு நின்னா, நான்தான் கயிறு கட்டிக் காப்பாத்தினேன் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் அடுத்த தடவை சுலபமாக வந்தது. பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தது என்பார்களே, முளைத்தது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அதுதான் சௌகரியம். கொட்டுகிறவள் என்று பேர் வாங்கினவள் கிட்டே வந்தால் ஜனங்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். என்னிடம் யார் எச்சரிக்கையாக இருப்பார்கள்?

கயிறு அறுத்த இடம் சீழ் வைத்து நீ ஒரு மாதம் பாயில் கிடந்தாய். நான் ஊட்டிவிட்டேன், தலை வாரினேன், என் பக்கத்து வகிடு எடுத்தேன். வலிக்குதும்மா என்பாய், ஒண்ணும் ஆவாது கண்ணு என்பேன், நீ கண்ணை மூடிக்கொள்வாய். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஒரு மாதம் மாதிரி நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. உன் கால் புண்ணாக இருந்தது, எனக்கு மனசு நிறைந்திருந்தது. எழுந்து நடந்ததும் அத்தை வீட்டுக்குப் போகமாட்டேன், ஹாஸ்டலில் இருக்கிறேன் என்று நீயே சொன்னாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாறியிருப்பாய். சொல்லவில்லை.

அவள் விடவில்லை, அது உனக்குத் தெரியாது. உனக்குப் பரீட்சை வரும்போதெல்லாம் உன் பேருக்கு அர்ச்சனை செய்து, இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது லட்டு கொடுத்தனுப்புவாள். பத்தாவதுக்கு வந்தது, பன்னிரண்டாவது இன்டருக்கு வந்தது, ஐதராபாத்தில் உனக்கு வேலை கிடைத்தபோதும் வந்தது. ஏழுமலையான் பிரசாதம், தூக்கிப்போட எனக்குப் பயம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். நீ பாஸானதற்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் லட்டு தின்றார்கள். உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீயும் அத்தை என்னை மறந்துட்டாங்க என்று ஒரு தடவை சொன்னாய். பெரிய மனுஷி, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றேன். பார்த்தாயா, எவ்வளவு சாதுவாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று உன் நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன். வெகுநேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இத்தினி வருசமா அவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அதைக் கேட்டபோதும் எனக்குச் சுருக்கென்றது. இந்த வயசிலும், இவ்வளவு செய்துவிட்டும், அவளை நல்லவள் என்று யாராவது நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. என் லட்சணம் இது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். அன்றைக்கு வாசலில் நித்யா உன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பட்டன் நூலை அறுத்த கை எனக்கு மறுபடி அரித்தது. நீங்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி அமெரிக்கா போய்விடுவீர்கள், போனில்தான் பேச்சு. நாளைக்கு நான் அவளைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னால், அதுவும் "பாவம், நல்ல பொண்ணுதான், ஆனாலும்" என்று ஆரம்பித்தால், உடனே நம்பிவிடாதே. கடித்த இடம் எது, கருத்த இடம் எது என்று பார். அவளிடமும் ஒரு வார்த்தை கேள். அவள் எதையாவது பார்த்து, இது ஒண்ணும் பண்ணாதே என்று கேட்டால் சிரிக்காதே. நாய்க்கும் கன்றுக்குட்டிக்கும் நான் உத்தரவாதம் கொடுத்தேன். எனக்கு யாரும் கொடுக்கவேண்டாம்.

இப்போது நீ செய்யவேண்டியது. அத்தைக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பாதே. அடுத்த சனிக்கிழமை வா. வெற்றிலை பாக்கு, பூ, பழம், புடவை எல்லாம் நான் எடுத்துவைக்கிறேன். நாம் மூன்று பேரும் திருப்பதிக்குப் போவோம். அவள் வீட்டுப் படி ஏறும்போது நீ முன்னால் போ, நான் உன் முதுகுக்குப் பின்னால் வருகிறேன். எனக்கு அவள் முகத்தை முதலில் பார்க்கத் தைரியமில்லை. பேண்டைச் சுருட்டிக் காலைக் காட்டு. அம்மா எல்லாத்தையும் எழுதிட்டாங்க அத்த என்று சொல். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு இப்போதே தெரியும். "ஏம் காதுலே" என்பாள். அவள் சொன்னால் நம்பு. அன்றைக்கும் அவள் சொன்னது உண்மைதான். சோறு போடுவாள், வயிறாரத் துன்னு. ரசம் யாருடையது நன்றாக இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். நீயாகவும் சொல்லாதே.

மூன்றாவது முடிச்சை அவள் போடட்டும். என் அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். என் பிள்ளைக்கு நான் போட்ட கட்டை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, அவள் போடுவதையும் பார்க்கட்டும். மேளம் கொட்டும்போது அவள் நித்யாவின் பின்னால் குனிந்து முடிச்சுப் போடுவாள். நீ நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரிப்பாய். நான் எதிரில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்போது நீ என் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. எனக்கு வயிறு எரியும். எரியட்டும் தம்பி. ஒண்ணும் ஆவாது.

அம்மா